மறு: ஹாமர்லெஸ் – ‘சுத்தியலற்றது’ வேண்டாம், ‘மறைகுதிரை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சட்டைப்பைத் துப்பாக்கிகளுக்கான சொற்பட்டியலில் ‘ஹாமர்லெஸ்’ என்பதற்குச் ‘சுத்தியலற்றது’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ஹாமர் என்பது விசையை இழுத்ததும் ஊசியை அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் உறுப்பு, ஹாமர்லெஸ் என்றால் அது இல்லாதது. உங்கள் சொல்லை இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டுகிறேன். ஓசையில் எனக்குக் குறை இல்லை, பொருள்தான் பிழையாகிறது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் வெளியிட்ட 1903 பாக்கெட் ஹாமர்லெஸ் ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் என் எதிரில் பிரித்துக் காட்டினார். ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்மூடியை, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, குழலைத் திருகி, ஸ்லைடை முன்பக்கமாக உருவினார். பின்கோடியில் எண்ணெய் மினுங்க நின்றது, இல்லை என்று பெயரிலேயே சொல்லப்பட்ட அந்த உறுப்பு. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாதபடி ஸ்லைடின் பின்பாகம் அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதே 1903-இல் கோல்ட் .38 குண்டுக்குச் செய்த இன்னொரு பாக்கெட் மாடலில் அது வெளியே தலைநீட்டிக்கொண்டிருக்கும். விற்பனைக்காக வைத்த பெயரை நாம் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பிழையையும் சேர்த்தே கொண்டுவருகிறோம்.

உண்மையிலேயே அந்த உறுப்பு இல்லாதவை வேறு. பெல்ஜியத்தின் எஃப்.என். 1910-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்ட பிரின்சிப் கையில் இருந்தது அந்த மாடல்தான். அதில் சுருள்வில் ஊசியை நேராகத் தள்ளித் தோட்டாவின் அடியைக் குத்துகிறது. கோல்ட்டின் 1908 வெஸ்ட் பாக்கெட்டும் அப்படியே. ‘சுத்தியலற்றது’ என்று எழுதினால் இவையும் 1903-உம் ஒரே வகையாகிவிடும். வெளித்தோற்றத்தில் எல்லாமே பின்புறம் வழவழவென்று இருப்பதால், புதிதாகச் சேகரிப்பவர் ஏற்கெனவே குழம்பும் இடம் இது. சொல்லாவது அவருக்குக் கைகொடுக்க வேண்டாமா?

ஜெர்மானியர் இதில் தெளிவாக இருந்தார்கள். சௌவர் 38ஹெச் துப்பாக்கியிலும் அந்த உறுப்பு உள்ளேதான் ஒளிந்திருக்கிறது. ஆனால் பெயரில் உள்ள ஹெச், ‘ஹான்’ என்பதன் முதலெழுத்து. ஹான் என்றால் சேவல். துப்பாக்கியின் அந்த உறுப்புக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர். உள்ளே இருப்பதை இருக்கிறது என்றே சொன்னார்கள்.

அவர்களுக்குச் சேவல் என்றால் நமக்குக் குதிரை. ‘துப்பாக்கிக் குதிரை’ தமிழில் பழைய வழக்கு. வீணையில் தந்தியைத் தாங்குவதும் குதிரைதானே. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுத் தச்சர் பட்டறையிலிருந்து சுத்தியலைக் கடன் வாங்க வேண்டியதில்லை. சிலர் விரலால் இழுக்கும் உறுப்பையும் குதிரை என்று எழுதுகிறார்கள். அதற்கு ‘விசை’ நன்றாக நிலைத்துவிட்டதால், குதிரையை மேலே நிற்கும் உறுப்புக்கே ஒதுக்கிவிடலாம்.

ஆகவே என் பரிந்துரை: கோல்ட் 1903, சௌவர் 38ஹெச் போன்றவை ‘மறைகுதிரை’. வால்தர் பிபிகே போல வெளியே தெரிந்தால் ‘வெளிக்குதிரை’. எஃப்.என். 1910 போன்றவை ‘குதிரையிலி’.

எழுத்தில் ஒரு கவனம் தேவை. மறைகுதிரை வினைத்தொகை, மறைபொருள் போல. நடுவே ‘க்’ போட்டு மறைக்குதிரை என்று எழுதினால் வேதக்குதிரை ஆகிவிடும்.

குதிரையிலியில் வேலை செய்யும் அந்த ஊசிக்கு எனக்கு இன்னும் மனம் நிறைந்த சொல் அமையவில்லை. வில் தள்ளும் ஊசி என்பதால் ‘வில்லூசி’ என்று குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் குதிரை அடித்து முன்னே போகும் ஊசி வேறு, தானே பாயும் ஊசி வேறு. அந்த வேறுபாடு வில்லூசியில் போதிய அளவு தெரிகிறதா? இயந்திரப் பணிமனைகளில் பழகியவர்கள் சொல்ல வேண்டும்.