கம்பியின் இழுவிசைக்கு எந்த எண்ணை எடுப்பது?

கேள்வி: பீமின் அடியில் நாலு 16 மிமீ எஃப்இ 500டி ரக இரும்புக் கம்பி. டெஸ்ட் ரிப்போர்ட்டில் இழுவலிமை சதுர மிமீ-க்கு 610 நியூட்டன் என்று இருக்கிறது, அதையே பரப்பால் பெருக்கிவிடலாமா?

பதில்: கூடாதுங்க. 610 என்பது அறுவதற்கு முன் தாங்கும் உச்சம், அதற்கு வெகு முன்பே கம்பி நீண்டு கான்கிரீட் விரிசல் விட்டுவிடும். ஐஎஸ் 456 (இந்திய கான்கிரீட் வடிவமைப்பு விதிநூல்) படி ஈல்டு வலிமை (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 500-ஐப் பாதுகாப்புக்காக 1.15-ஆல் வகுங்கள், 435 வரும். நாலு கம்பிக்குப் பரப்பு 804 சதுர மிமீ, ஆக ஏறக்குறைய 350 கிலோநியூட்டன்.

பதில்: சரி, ஆனால் 610-ஐத் தூக்கிப் போடாதீர்கள். 500டி கம்பியில் அது ஈல்டைப் போல 1.10 மடங்காவது இருக்க வேண்டும், நிலநடுக்கத்தில் சட்டென்று அறாமல் நீளும் குணம் அதிலும் தெரியும்.

பதில்: அப்புறம் ஆங்கரேஜ், அதாவது கான்கிரீட்டுக்குள் கம்பியின் பிடிமானம்! எம்25 தரக் கான்கிரீட்டில் கம்பி சுமார் 780 மிமீ உள்ளே போகாவிட்டால் அந்த 350 முழுசாகக் கிடைக்காது.