லண்டன்ல ஆர்சனல் ஃபுட்பால் கிளப்பின்ர கிரவுண்ட் எமிரேட்ஸ்ல உங்களுக்கு மறக்க முடியாத ஒண்டு சொல்லுங்கோ

கிளாக்எண்ட்_காரன்:
நான் ஆர்சனலின்ர பழைய கிரவுண்ட் ஹைபரில 99ல இருந்து சீசன் டிக்கற். பக்கத்து சீட்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஹாஃப் டைமுக்கு ஒரு மின்ற் மிட்டாய் நீட்டுவார், அவ்வளவுதான் எங்கட பழக்கம். 2006 மே 7 அங்க கடைசி மேட்ச், விகன் டீமோட 4-2, எங்கட ஸ்ட்ரைக்கர் ஆன்றி தன்ர மூண்டாவது கோல் அடிச்சிட்டுப் புல்லைக் குனிஞ்சு கொஞ்சினவன் எல்லே, முழுச் சனமும் அங்க பாக்குது, இந்த மனுசன் மட்டும் தன்ர சீட் நம்பரை விரலால தடவிக்கொண்டு நிக்கிறார். போகேக்க "அங்க பாப்பம்" எண்டார். புது கிரவுண்ட்ல எனக்கு மேல் அடுக்கில சீட். அவரை அதுக்குப் பிறகு நான் காணவேயில்லை. ரெண்டு கிரவுண்டுக்கும் இடையில அரை கிலோமீற்றர் அளவுதான், எண்டாலும் அந்த நெருக்கம் அங்கயே நிண்டிட்டுது.

சென்னை_கன்னர்:
அண்ணே மன்னிக்கணும், இத ஒத்துக்க மாட்டேன். பழசுல 38 ஆயிரம் சொச்சம் பேர், இங்க 60 ஆயிரத்துக்கு மேல. குப்பை கொட்டுற இடமா இருந்த ஆஷ்பர்டன் குரோவ்ல 390 மில்லியன் பவுண்டுல கட்டி, அந்தக் கடனுக்காக நல்ல பிளேயரெல்லாம் வித்து, 2005க்கு அப்புறம் 2014 வரைக்கும் ஒரு கப் இல்லாம கெடந்தோம், அதையும் தாங்குன கூட்டம்தான் அங்க உக்காந்திருக்கு. நான் 2019ல ஒரே ஒரு தடவை போனேன், மேட்ச் முடிஞ்சும் எந்திரிக்க மனசில்லாம செக்யூரிட்டி வந்து சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். புதுசா போறவங்களுக்கு ஒண்ணு, முதல்ல மெம்பர்ஷிப் எடுங்க, வெளிய பிளாக்ல வாங்கவே வாங்காதீங்க. மேட்ச் முடிஞ்சதும் ஹாலோவே ரோடு ஸ்டேஷன் பக்கம் போகாதீங்க, ஃபின்ஸ்பரி பார்க் வரைக்கும் நடந்துடுங்க. ஜாக்கெட் கண்டிப்பா வேணும், ஜனவரில மேல் அடுக்குல காத்து எலும்ப அறுக்கும். முந்தின நாளே ஸ்டேடியம் டூர் போயிட்டா டிரெஸ்ஸிங் ரூமும் பாத்துடலாம்.

கோவை_பொண்ணு:
அவரு டிக்கெட் எப்படி வாங்குறதுன்னா கேட்டாருங்க? ஒரு மனுசனத் தொலைச்சதச் சொல்றாரு.
நான் ஆபீஸ் வேலையா போனப்போ ரெண்டு இடமும் பாத்தேன். ஹைபரில இப்ப சுத்தியும் ஃபிளாட், கிரவுண்டு இருந்த இடத்துல தோட்டம், கிழக்கு, மேற்கு ஸ்டாண்டோட முகப்ப மட்டும் அப்படியே விட்டிருக்காங்க. ஆனா மனசுல நிக்கிறது எமிரேட்ஸ் வெளிய தரைல ரசிகர்ங்க பேரு வெட்டுன கல்லுங்க இருக்கே, அதுதான். மேட்ச் இல்லாத நாளு, மழை விட்டிருந்துச்சு, ஒரு வயசான அம்மா குனிஞ்சு ஒரே ஒரு கல்ல மட்டும் கைக்குட்டையால தொடச்சிட்டு இருந்தாங்க. யாருன்னு கேக்கத் தோணல, கேட்டிருக்கணும்னு இப்பவும் உறுத்துது. அண்ணா, உங்க பக்கத்து சீட்டுத் தாத்தா பேரும் அங்க இருக்கலாமில்ல, அடுத்த தடவை தேடிப் பாருங்களேன்.

கிளாக்எண்ட்_காரன்:
தங்கச்சி, அந்தக் கல்லுகளுக்கு மேலாலதான் ஒவ்வொரு மேட்சுக்கும் நடந்து போறன். ஏழு வருசம் பக்கத்தில இருந்தும் அவற்ற பேரை நான் கேக்கேல்லையே.