வீடியோ எடிட்டிங்கில் சாதா கட்டா, எஃபெக்ட்ஸா? மனசை விட்டுப் போகாத ஓர் எடிட்டைச் சொல்லுங்கள்

கும்பகோணம் கட்டர்

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் பற்றிய வீடியோ. 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வந்த வேலை. கிளையன்ட் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்: ஸ்பீடு ராம்ப் (ஷாட்டுக்குள்ளேயே வேகம் கூடிக் குறைவது), இசையின் பீட்டுக்கு பீட்டு கட், ஜூம். போட்டுக் கொடுத்தேன். அப்லோடுக்கு முன்னால் பட்டறையிலேயே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினோம். ஆச்சா மரத்தூள் ஒட்டிய கையோடு வந்து நின்று பார்த்தார் வாத்தியம் செய்கிறவர். கடைசல் வந்தது, துளை போடுவது வந்தது, அடுத்த நொடி கச்சேரி.

"நடுவுல நான் ஊதிப் பார்த்தேனே தம்பி, அது எங்க?" என்றார்.

ஃபுட்டேஜில் அது இருந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செருகி ஒரு சுரம் ஊதுகிறார். நிறுத்தித் தலையைச் சாய்க்கிறார். துளையின் விளிம்பை லேசாகச் சுரண்டுகிறார். மறுபடி ஊதுகிறார். அசையாத ஒரே ஷாட். கிளையன்டுக்கு அது 'லேக்', வெறும் இழுவை. எனக்கு, மரம் வாத்தியமாகிற இடமே அதுதான். அதை வெட்டிவிட்டு வேறு எதைக் காட்டுகிறோம்?

பிசிக்ஸ் டியூஷன்

கட்டர் அண்ணா, உங்கள் ஷாட் விஷயம் நியாயம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் "எளிமைதான் உசத்தி" என்று கிளம்பிவிடக் கூடாது. கயிற்றில் கட்டிச் சுற்றும் கல், கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் போகும்? போர்டில் எத்தனை முறை வரைந்தாலும் "வெளிப்பக்கம் சார்" என்பார்கள். எடிட்டர் தம்பி ஒருவர் கல்லோடு கூடவே திரும்பும் அம்புக்குறியை அனிமேட் செய்து, கயிறு அறும் இடத்தில் ஃப்ரீஸ் பண்ணி, பிறகு தொடுகோட்டில் ஓட விட்டார். "சார், அது வெளிய பறக்கல, அந்த நிமிஷம் போன திசையிலயே நேரா போகுது!" என்று கத்தினாள் ஒரு மாணவி. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாதா கட் அங்கே என்ன செய்திருக்கும்?

டைம்லைன் சித்தப்பா

என் அனுபவம் சின்னது. ஒருவர் பேசும் வீடியோ, மூச்சு விடும் இடமெல்லாம் வெட்டித் தாவுகிற ஜம்ப் கட். என் அத்தை பார்த்துவிட்டு, "இந்தப் பையன் எச்சிலே முழுங்க மாட்டானா?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சொல்கிறேன். முதலில் ஆடியோவைச் சரிபண்ணுங்கள். யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சத்தத்தின் அளவு) மேல் போனால் சத்தத்தைக் குறைத்துவிடும், கீழே இருந்தால் ஏற்றித் தராது. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் 25 எஃப்பிஎஸ் (நொடிக்கு 25 படம்), ஷட்டர் 1/50 நொடி வையுங்கள், மினுக்காது. எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வின் இலவச வெர்ஷனே இதற்கெல்லாம் போதும். ஜம்ப் கட்டுக்குப் பதில் ஜே கட் பழகுங்கள்: அடுத்த ஷாட்டின் சத்தம் முதலில் வரட்டும், படம் பின்னால் வரட்டும். அப்புறம், வேகம்தான் வியூஸ் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு: பரபரப்பான வீடியோக்களுக்குப் பேர்போன யூடியூபர் மிஸ்டர்பீஸ்ட்டே 2024இல் வீடியோக்களின் வேகத்தைக் குறைத்ததாகவும், காட்சிகளை மூச்சு விட வைத்ததாகவும், வியூஸ் கூடியதாகவும் எழுதினார். ரிடென்ஷன் கிராஃபில் (எந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுவது) எங்கே சரிகிறது என்று பாருங்கள், அங்கே மட்டும் கை வையுங்கள். கிராஃப் நேராகப் போகிற இடத்தில் எஃபெக்ட் எதற்கு?

பிசிக்ஸ் டியூஷன்

சித்தப்பா, கிராஃப் நேராக இருந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புரியாமலேயே கடைசி வரை பார்ப்பார்கள். பாட வீடியோவில் கிராஃப் சரிந்து மறுபடி ஏறுகிற இடத்தைத்தான் நான் தேடுவேன். திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

கும்பகோணம் கட்டர்

சித்தப்பா, ஆடியோ ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. ஊதிப் பார்க்கும் ஷாட்டை முழுசாக வைத்து, மியூசிக் எடுத்துவிட்டு இன்னொரு கட் அனுப்பியிருக்கிறேன். கிளையன்ட் இன்னும் பதில் சொல்லவில்லை. மாட்டேன் என்றால், அந்த ஷாட்டை மட்டுமாவது கேட்டு வாங்கிப் பட்டறையில் கொடுத்துவிடுவேன். டியூஷன் சார், அந்த அம்புக்குறி வீடியோ லிங்க் போடுங்கள், என் பையன் பதினொன்றாவது.