வீட்டிலேயே தலைக்கவசம் வார்த்தல்: ஒரே அச்சில் ஆறு கவசங்கள், துருவேறிய வண்ணம் – ஆலோசனை தேவை

மேடைப்பிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ் நாடகக் குழு அடுத்து மேடையேற்றவிருக்கும் நாடகத்தில், எல்லோரும் கைவிட்டுப் போன கடற்கோட்டை ஒன்றை இன்னமும் காவல் காத்து நிற்கும் ஆறு வீரர்கள் வருகிறார்கள். ஆறு பேரின் தலைக்கவசமும் ஒரே கொல்லன் பட்டறையில் அடித்ததாகத் தெரிய வேண்டும். பல்லாண்டு உப்புக்காற்றில் கிடந்து துருவேறிய இரும்பாகவும் தெரிய வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் கவசங்களில் அந்தக் கனமும் பழமையும் இல்லாததால், மூலவடிவம் ஒன்றைச் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, ஆறையும் வீட்டிலேயே வார்த்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

மூலவடிவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சவுரி மாட்டி வைக்கும் நுரைத்தலை ஒன்றைப் பருமனாக்கி, அதன்மேல் எண்ணெய்க் களிமண்ணில் செதுக்கியிருக்கிறேன். நெற்றியில் தடித்த பட்டை, அதன் நெடுக ஆணித்தலைகள், கண்களுக்குக் குறுக்காகவும் மூக்குக்கு நெடுக்காகவும் ஒரு திறப்பு, கழுத்தருகே சற்றே குறுகும் வடிவம். களிமண் பொட்டலத்தில் கந்தகம் உண்டா இல்லையா என்று எதுவும் அச்சிடப்படவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இத்தகைய வடிவத்திற்கு எந்த வகைச் சிலிகானைப் பயன்படுத்துவது, அச்சை ஒரே துண்டாக எடுப்பதா இரண்டாகப் பிரிப்பதா? அடுத்தது, சோதனைக்காகச் சிறிய தகடு ஒன்றைப் பாலியுரித்தேன் ரெசினில் (இரு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிளாஸ்டிக்) வார்த்துப் பார்த்ததில், புட்டியில் சொன்ன அளவில்தான் கலந்தோம் என்றாலும், மேற்பரப்பு முழுவதும் ஊசித்துளைகள் விழுந்திருக்கின்றன; இதற்குக் காரணம் என்ன? வேலை நடப்பது சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள நாலறை வீட்டின் சமையலறைப் பின்பகுதியில். கடைசியாக, பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் துரு தெரிய வேண்டும், ஆனால் பழுப்பு வண்ணத்தை அப்பி வைத்ததாகவும் தோன்றக்கூடாது. இதை எப்படிச் செய்வது?

வார்ப்புப்பட்டறை எழுதியது:

சகோதரி, சிலிகானை வாங்குவதற்கு முன்னால் அளவுநாடாவை எடுங்கள். பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். உள்ளே நுரைப்பட்டை ஒட்டச் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. இடைவெளியும், வார்ப்பின் தடிப்பாக 4 மி.மீ.யும் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. தலைக்கு மூலவடிவத்தின் வெளிச்சுற்றளவு ஏறத்தாழ 72 செ.மீ. இருந்தாக வேண்டும். கழுத்தருகே குறுகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாயின் வழியாகக் குழுவிலேயே பெரிய தலை நுழையுமா என்பதை இப்போதே பாருங்கள். நுழையாது என்றால், வார்த்த பிறகு கவசத்தைக் காதோரமாக முன்பாதி, பின்பாதி என்று அறுத்து, காந்தம் வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த வெட்டு எங்கே விழும் என்பதைக் களிமண்ணிலேயே ஒரு பட்டையாகச் செதுக்கி மறைத்துவிடலாம்.

முகத்திறப்பைக் களிமண்ணில் துளைக்காதீர்கள். அரை செ.மீ. ஆழத்திற்குக் குழித்து, விளிம்பை மட்டும் கூர்மையாக விடுங்கள். அச்சுக்குள் ரெசினைச் சுழற்றி வார்க்கும்போது பரப்பு மூடியிருப்பதே நல்லது. திறப்பை வார்த்த பிறகு அறுத்தெடுத்து அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

சிலிகானில் இரண்டு வகை உண்டு. பிளாட்டினத்தால் இறுகும் வகை நீண்ட நாள் உழைக்கும், சுருங்காது. ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ லேட்டெக்ஸ் கையுறையோ பட்டால், பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். வெள்ளீயத்தால் இறுகும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. காலப்போக்கில் சிறிது சுருங்கும், சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கும். களிமண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், ஆறே கவசங்களுக்காக, வெள்ளீய வகையையே நான் பரிந்துரைப்பேன். பிளாட்டின வகைதான் வேண்டுமென்றால், அதே களிமண்ணின் சிறு உருண்டையில் ஒரு துளி பூசி, அது முழுமையாக இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கந்தகம் இல்லாத களிமண் என்று குறிப்பிட்டே விற்பவையும் உண்டு. பிராஸ் பசா காம்ப்ளெக்சில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

அச்சை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. கவசம் முழுவதையும் மூடும் ஒரே சிலிகான் உறை, அதைத் தாங்கிப் பிடிக்க முன்பாதியும் பின்பாதியுமாகப் பிரியும் கடினமான மேற்கூடு: உங்கள் வடிவத்திற்கு இதுவே பொருத்தம். இறுகிய வார்ப்பிலிருந்து உறையைக் காலுறை உருவுவதுபோல் மடக்கி உருவிவிடலாம்; அச்சின் துண்டுகள் சேருமிடத்தில் விழும் பிரிகோடு ஆணித்தலைகளின் குறுக்கே ஓடாது, தேய்க்கும் வேலையும் மிச்சம். கழுத்து மிகவும் குறுகலாக இருந்தால் மட்டும், பின்புறத்தில் கழுத்திலிருந்து பாதி உயரம் வரை வளைந்து வளைந்து செல்லும் ஒரு வெட்டுப் போடுங்கள். நேர்க்கோடாக வெட்டினால் இரு விளிம்புகளும் மறுமுறை அதே இடத்தில் வந்து சேராது.

முதல் பூச்சை மெல்லியதாக, நீர்த்த நிலையில் தூரிகையால் பூசி, ஆணித்தலைகளின் அடியில் குமிழி தங்காதபடி வாயால் ஊதிவிடுங்கள். எங்கள் பட்டறையில் எல்லோரும் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பூச்சில்தான். கவசத்தின் தோல் எப்படி அமையும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுக்கு மட்டும் இருக்கும் நிலையில் அடுத்த பூச்சு. மூன்றாவதிலிருந்து கெட்டியாக்கும் திரவம் சில துளிகள் கலந்து, மொத்தம் 5 அல்லது 6 மி.மீ. தடிப்பு வரும்வரை ஏற்றுங்கள். கவசத்தின் பரப்பு கால் சதுர மீட்டர் அளவில் வரும் என்பதால் ஒன்றரை கிலோ சிலிகான் செலவாகும். இரண்டு கிலோ வாங்கினால் கவலை இல்லை. கடைசிப் பூச்சு காய்வதற்குள், அடி அகன்று நுனி குறுகிய சிலிகான் கட்டிகளை உச்சியிலும் பக்கங்களிலும் ஒட்டிவிடுங்கள். மேற்கூட்டில் அவை போய் அமர்ந்துகொண்டால்தான், அச்சைத் தலைகீழாகச் சுழற்றும்போது உறை நழுவாது.

மேற்கூட்டுக்குப் பிளாஸ்டர் கட்டுத்துணி போதும். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை களிமண்ணால் சுவர் எழுப்பி, முன்பாதியைப் பல அடுக்குகளாக ஒட்டுங்கள். அது இறுகியதும் சுவரை அகற்றி, வெளிப்பட்ட விளிம்பில் வாசலின் தடவிவிட்டுப் பின்பாதியை ஒட்டுங்கள். வாசலினை மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். விளிம்பில் துளையிட்டு, கையால் திருகும் இறக்கை மரைகளைப் பூட்டிக்கொள்ளலாம். நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டர் காயப் பல நாள் பிடிக்கும். நன்றாகக் காயாத கூட்டுக்குள் ரெசினை ஊற்றாதீர்கள். காரணத்தை அடுத்து யாராவது விளக்குவார்கள்.

கிளமெண்டி வேதியியல் எழுதியது:

அந்தக் காரணம்தான் உங்கள் ஊசித்துளைகளுக்கும் காரணம். பாலியுரித்தேன் ரெசினின் இரு பாகங்களில் ஒன்று ஐசோசயனேட். அது தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவை வெளியிடும். அந்த வாயுதான் நுரையாகவும் துளையாகவும் நிற்கிறது. தண்ணீர் என்றால் ஊற்றும் தண்ணீர் இல்லை: காயாத பிளாஸ்டர், மரக்குச்சி, காகிதக் கோப்பை, திறந்து வைத்த புட்டியின் மேல் நிற்கும் காற்று, இவற்றில் இருக்கும் ஈரமே போதும்.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். சூரிய உதயத்துக்கு முன்பு 90 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது, மழையில்லாத நாளின் நடுப்பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே காலையில் வார்க்காதீர்கள். வெயில் நன்கு ஏறிய பிற்பகலில் வையுங்கள். புட்டிகளைக் குளிரூட்டிய அறையில் வைத்திருந்தால், மூடியோடு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்; குளிர்ந்த புட்டியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேலேயே படியும். கலக்குவதற்குப் பிளாஸ்டிக் கோப்பையும் பிளாஸ்டிக் குச்சியும் போதும்.

சுழற்றி வார்ப்பதற்கென்றே விற்கப்படும் ரெசினை வாங்குங்கள். ஸ்மூத்-காஸ்ட் 65டி அப்படிப்பட்டது. 23 பாகை செல்சியஸில் கலந்த இரண்டரை நிமிடத்தில் இறுகத் தொடங்கும். நம் சமையலறையில் 30 பாகை இருக்கும் என்பதால் அந்த நேரமும் குறையும். 4 மி.மீ. தடிப்புள்ள கவசம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் தேவைப்படும். அதை நான்காகப் பிரித்து, ஒரு தடவைக்குக் கால் கிலோவாகக் கலந்து, அச்சை எல்லாத் திசைகளிலும் மெதுவாகச் சுழற்றுங்கள். முந்தைய பூச்சு இறுகியும் கதகதப்பு ஆறாமலும் இருக்கும்போதே அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று பிணையும். முற்றிலும் ஆறிய பிறகு ஊற்றினால் பின்னாளில் அடுக்கடுக்காகப் பிரியும். கழுத்து விளிம்பே அதிகம் அடிபடும் இடம். கடைசிப் பூச்சை அங்கேயே தேங்கவிடுங்கள்.

இனி எழுதுவதை மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். ஐசோசயனேட் ஆவி சுவாசக்குழாயை ஒவ்வாமைக்கு உள்ளாக்கும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு ஆவியும் ஆஸ்துமாவைத் தூண்டும். சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். சன்னல்கள் திறந்திருக்கட்டும், மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி இருக்கட்டும், பிள்ளைகளும் முதியவர்களும் வேறிடத்தில் இருக்கட்டும். சமையலறை என்பதால் அடுப்பும் எரியக்கூடாது, உணவுப் பொருளும் திறந்திருக்கக்கூடாது. புளோக்கின் தாழ்வாரத்தில் ரெசின் புட்டியையோ வண்ணத் தெளிப்பானையோ வைக்காதீர்கள். அது எல்லோரும் தப்பிச்செல்லும் வழி, எளிதில் தீப்பற்றும் பொருளுக்கு அங்கே இடமில்லை. மீந்த ரெசினைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல், இரு பாகங்களையும் கலந்து கெட்டியாக்கிக் குப்பையில் போடுங்கள்.

தூரிகைமுனை எழுதியது:

வண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வார்ப்பைப் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவி, 400 எண் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான அடிப்பூச்சு அடியுங்கள். தெளிப்பானை மழை நேரத்தில் எடுக்க வேண்டாம். மேற்பரப்பில் வெண்புகையாகப் படிந்துவிடும்.

பலர் கவசத்தை முதலில் பழுப்பாக்கிவிட்டுப் பிறகு இரும்பைத் தேடுகிறார்கள். நீங்கள் கருஞ்சாம்பல் உலோக நிறத்தில் முழுமையான, புத்தம் புதிய இரும்புக் கவசத்தை முதலில் உண்டாக்குங்கள். அதன்பின் அதை அணிந்தவன் என்ன செய்திருப்பான் என்று யோசியுங்கள். கவசத்தைக் கழற்றக் கைகள் எப்போதும் பிடிப்பது காதுக்குக் கீழே இரு பக்கமும். அந்த இரண்டு இடங்களிலும் துரு நிற்காது, விரல் பட்டுப் பட்டு மினுமினுக்கும். தரையில் வைப்பதால் கழுத்து விளிம்பு தேய்ந்திருக்கும். தண்ணீர் தேங்கும் இடம் நெற்றிப்பட்டையின் மேல்விளிம்பும் ஆணித்தலைகளின் அடியும். துரு அங்கே பிறந்து, செங்குத்தாகக் கீழே வழிய வேண்டும். ஆறு பேரில் ஒருவன் இடக்கைக்காரன் என்றால் அவனுடைய கவசத்தில் வெட்டுத்தழும்பு வேறு பக்கத்தில் இருக்கலாம். அச்சு ஒன்றாக இருந்தாலும் ஆறும் ஆறு ஆட்களுடையதாகிவிடும்.

முறை இதுதான். கரும்பழுப்பு அக்ரிலிக்கில் சிறிது கறுப்பைக் கலந்து, தண்ணீராக நீர்த்து முழுவதும் பூசி, காயும் முன்பே மேடான இடங்களைத் துணியால் துடையுங்கள். பள்ளங்களில் மட்டும் தங்கும். காய்ந்ததும், செம்பழுப்பு வண்ணத்தில் சிறிதளவு பேக்கிங் சோடா கலந்து, பிய்த்த கடற்பஞ்சால் துரு பிறக்கும் இடங்களில் ஒற்றினால் சொரசொரப்பு வரும். ஆரஞ்சு நிறம் அந்தத் துருவின் நடுவில் பொட்டாக மட்டும் இருக்கட்டும். அது கூடினால்தான் நீங்கள் அஞ்சும் ‘அப்பிய’ தோற்றம் வருகிறது. கடைசியில் பென்சில் கரித்தூளை விரலில் தொட்டு விளிம்புகளில் தேய்த்தால் உண்மையான உலோக மினுக்கு கிடைக்கும். உப்புப் படிவுக்கு, தேக்காவில் விற்கும் முல்தானி மட்டியை நீரில் குழைத்துப் பள்ளங்களில் விட்டுக் காயவைத்துத் துடையுங்கள்.

பின்வரிசைக்குத் தெரிய வேண்டும் என்றால் நிறத்தைவிட மினுக்கின் வேறுபாடே உதவும். துருவுக்கு மினுக்கில்லாத மேற்பூச்சும், தேய்ந்த இரும்புக்கு அரைமினுக்குப் பூச்சும் கொடுத்தால், வீரன் தலையைத் திருப்பும்போதெல்லாம் மேடைவிளக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். ரெசினில் இரும்புத்தூள் கலந்து உண்மையாகவே துருப்பிடிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துரு உடையிலும் முகத்திலும் ஒட்டும் என்பதால் நாடகத்துக்கு வேண்டாம்.

மேடைப்பிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்து அளவு போதவில்லை. காதோரத்தில் பட்டை செதுக்கிப் பிரித்துவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஒரு கிலோ எடையுடன் நடிகர்கள் நெடுநேரம் நின்று வசனம் பேச முடியுமா? நாடகம் மீண்டும் மேடையேறினால் அதே அச்சைப் பயன்படுத்தலாமா?

வார்ப்புப்பட்டறை எழுதியது:

கட்டைக்கூத்தில் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்தார்கள். இரவு முழுவதும் ஆடுபவர் தாங்க வேண்டுமே. உங்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். உச்சியிலும் பின்மண்டையிலும் 3 மி.மீ. போதும், விளிம்பில் மட்டும் 4 மி.மீ. வையுங்கள், முகத்திறப்பை அறுத்த பிறகு எடை இன்னும் குறையும். நுரைப்பட்டையை நெற்றி, உச்சி, பின்மண்டை ஆகிய இடங்களில் மட்டும் ஒட்டி, காதுப்பகுதியை வெறுமையாக விட்டால் காற்றும் ஓடும், சக நடிகரின் குரலும் கேட்கும். காது நேரே ஆணித்தலைகளுக்கு நடுவில் சில துளைகள் போட்டால் வெளியே தெரியாது. கன்னத்தில் ஒலிவாங்கி ஒட்டுவீர்கள் என்றால், அதன் கம்பி செல்ல உள்விளிம்பில் ஒரு காடி அறுத்துக்கொள்ளுங்கள். கம்பி நுரையில் உரசினால் அந்த ஓசை அரங்கம் முழுவதும் கேட்கும்.

அச்சைப் பொறுத்தவரை, வெள்ளீயச் சிலிகான் சில ஆண்டுகள் தாங்கும். வேலை முடிந்ததும் உறையை மேற்கூட்டில் பொருத்தி, உள்ளே ஒரு வார்ப்பையும் விட்டு, மரைகளைப் பூட்டி, கழுத்து கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். வெறும் உறையாக மடித்து வைத்தால் மடிப்பின் தடம் அடுத்த வார்ப்பில் விழும். வாய்ப்பிருந்தால் ஏழாவதாக ஒன்றை வார்த்து, வண்ணம் பூசாமல் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு கிழிந்துபோனாலும் அதையே மூலவடிவமாக்கிப் புதிய அச்சு எடுக்கலாம்.