ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் வொலட்: தமிழில் என்ன சொல்வது?

மட்டக்களப்பிலிருந்து

வணக்கம்.

மின்நாணயத்தை ஒரு நிரலின் (கணினிக் கட்டளைகளின்) கட்டுப்பாட்டில் வைக்கும் ‘ஸ்மார்ட் கொன்ட்ராக்ட் வொலட்’ என்பதற்கு நம் கலைச்சொற்பட்டியலில் இப்போது இருப்பது ‘சூட்டிகை ஒப்பந்தப் பணப்பை’. அதை நீக்கிவிடுவோம் என்று கேட்கிறேன். நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. வாசிப்பவரைப் பிழையான இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்பதுதான் பிரச்சினை.

ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். எங்கள் பக்கத்தில் கொந்தராத்துத்தான் முதலில் நினைவுக்கு வரும். ஈதர் என்ற மின்நாணயம் ஓடும் சங்கிலி (பிளொக்செயின், பல கணினிகளில் பகிர்ந்து வைத்த பதிவேடு) எதீரியம். அதில் இந்தப் பெயரோடு இருப்பது வெறும் நிரல். ஒரு முகவரியில் பதிவாகி, எழுதப்பட்ட நிபந்தனை நிறைவேறினால் மட்டும் இயங்கும். எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருக்கவேண்டிய அவசியமில்லை.

‘பணப்பை’ இன்னும் கெடுதல். எதீரியத்தில் அடிப்படையில் கணக்கு இரண்டு வகை. ஒன்றைத் தனிச்சாவி (உரிமையாளரிடம் மட்டும் இருக்கும் இரகசிய எண்) ஆள்கிறது, மற்றதை நிரல் ஆள்கிறது. முதல் வகையில், அந்தச் சாவியைத் திரும்ப உண்டாக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை வைத்திருப்பவரே முழு உரிமையாளர். இரண்டாம் வகையில் அந்தச் சொற்கள் ஒப்பமிடும் ஒருவரின் பேனை மட்டும்தான்.

இரண்டாம் வகைக் கணக்கு வைத்திருப்பவரின் தொலைபேசி பழுதாகிறது. புதியதில் சாதாரணச் செயலி ஒன்றை இறக்கி 12 சொற்களையும் போட்டால் மீதி 0 என்று காட்டும். பணம் எங்கும் போகவில்லை. திரையில் தெரிவது சாவியின் சொந்த முகவரி, ஈதர் கிடப்பது நிரலின் முகவரியில். அந்த முகவரியை, அவ்வகைக் கணக்கைக் கையாளத் தெரிந்த செயலியில் சேர்த்தால் மீதி தெரியும். ‘பணப்பை’ என்று படித்தவர் பை காலி என்றே நினைப்பார். பதறிப்போய், மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவனிடம் 12 சொற்களையும் ஒப்படைப்பார். களவு அப்போதுதான் தொடங்குகிறது.

என் முன்மொழிவு: விதிக்கணக்கு.

அக்கரைப்பற்றிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, பழைய சொல்லை நீக்குவதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் ‘விதி’ வேண்டாம். வாய்விட்டு வாசித்தால் தலைவிதிதான் காதில் விழுகிறது. ‘நெறி’யும் சரிவராது, நெறிமுறை என்ற சொல் புரோட்டோகோலுக்குப் போய்விட்டது. நிபந்தனைக் கணக்கு என்றே வைப்போம். கடன் படிவம் நிரப்பிய எவருக்கும் நிபந்தனை என்றால் என்னவென்று விளங்கும்.

ஊரில் இதற்கு உவமையும் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் காசு வெளியே வரும் என்று வைக்கலாம். மூன்று சாவிகளில் இரண்டு தேவை என்று அமைக்கும் கணக்கு அதேதான். இரண்டுக்கு இரண்டு என்று அமைத்தால் ஒரு சாவி தொலைந்த அன்றே கணக்கு பூட்டிக்கொள்ளும். மூன்று சாவியையும் ஒரே தொலைபேசியில் வைத்தால் மூன்று என்ற எண்ணுக்கே பொருள் இல்லை.

‘கணக்கு’ என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் உண்டு. வங்கிக் கணக்கு இலக்கம் எந்தக் கிளையிலும் அதே கணக்குத்தான். இங்கே அப்படியில்லை. எதீரியத்தில் உங்களுடையதாக இருக்கும் முகவரி, அதோடு இணைந்த வேறொரு சங்கிலியில் உங்களுடையதாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. சாவி எங்கும் ஒன்றுதான், நிரலையோ ஒவ்வொரு சங்கிலியிலும் தனித்தனியே நிறுவ வேண்டும். 2022இல் வின்ரர்மியூட் என்ற மின்நாணய வணிக நிறுவனம், எதீரியத்தோடு இணைந்த ஒப்டிமிசம் சங்கிலியின் 2 கோடி ஓபி வில்லைகளை (டோக்கன்களை) பெறுவதற்கு எதீரியத்திலிருந்த தன் கூட்டொப்பக் கணக்கின் (பலர் ஒப்பமிட வேண்டிய கணக்கின்) முகவரியைக் கொடுத்தது. ஒப்டிமிசம் சங்கிலியில் அந்த முகவரியில் நிரல் நிறுவப்பட்டிருக்கவில்லை. வேறொருவர் முந்திக்கொண்டு அதே முகவரியில் நிறுவி, வில்லைகளைத் தன் வசமாக்கினார்.

ஆகவே வரையறையில் ‘குறித்த ஒரு சங்கிலியில்’ என்ற சொற்கள் கட்டாயம் வரவேண்டும். செய்முறைக் குறிப்பையும் சேருங்கள்: சங்கிலியின் பெயரைப் பார்த்துச் சிறு தொகை அனுப்புக, அதே தொகையை அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க, பிறகே பெருந்தொகை. உள்ளே வந்தது தெரிந்தால் போதும் என்று நிறுத்தக் கூடாது. பல செயலிகள் முகவரியை முதலில் காட்டிவிட்டு, நிரலை முதல் செலவின்போதுதான் நிறுவுகின்றன. எடுத்துப் பார்த்தால்தான் நிரல் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

திருக்கோவிலிலிருந்து

நிபந்தனைக் கணக்கு எனக்குச் சம்மதம். தனிச்சாவி ஆளும் முதல் வகைக்கான இணைச்சொல்லைத் ‘திறப்புக் கணக்கு’ என்று வைக்கத்தான் விருப்பம், சாவியை நாங்கள் திறப்பு என்றுதானே சொல்கிறோம். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் அதைக் கணக்குத் திறத்தல் என்று எடுப்பார். ‘சாவிக்கணக்கு’ இருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து

அக்கரைப்பற்று நானா (அண்ணன்) சொன்ன பள்ளம் உண்மையானது. ‘விதி’யைத் திரும்பப் பெறுகிறேன்.

‘பணப்பை’யை முற்றாக வீசவும் வேண்டாம். கணக்கு சங்கிலியில் இருக்கிறது, செயலி கையில் இருக்கிறது. செயலிக்குப் பணப்பை என்ற பெயர் நிற்கட்டும். இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதற்கு பைபிட் என்ற மின்நாணயச் சந்தையில் 2025 பெப்ரவரி 21 நடந்த களவு போதும். 4 இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் போனது. நிபந்தனை அப்படியே இருந்தது, தேவையான ஒப்பங்களும் முறையாக விழுந்தன. பொய் சொன்னது ஒப்பமிட்டவர்களின் திரை. வழக்கமான பணமாற்றம் என்று அது காட்டியது, அவர்கள் ஒப்பமிட்டதோ கணக்கின் நிரலையே மாற்றும் கட்டளைக்கு.

அவர்கள் பயன்படுத்திய, சேஃப் என்ற மென்பொருளால் அமைந்த கூட்டொப்பக் கணக்கில் ‘செயல்வகை’ என்று ஓர் இடம் உண்டு. அதில் 0 என்றால் சாதாரண அழைப்பு. 1 என்றால் வெளி நிரல் ஒன்றைக் கணக்கின் முழு அதிகாரத்தோடு இயக்குவது. வெறும் பணமாற்றத்துக்கு அங்கே 1 வரத் தேவையே இல்லை, வந்தால் நிறுத்த வேண்டும். அந்த இலக்கத்தையும், ஒப்பக் கருவியின் (சாவியைத் தனியே வைத்து ஒப்பமிடும் சிறு கருவியின்) சிறிய திரையில் தெரியும் ஹாஷையும் (கட்டளையின் சுருக்க அடையாள எண்ணையும்), வேறொரு கணினியில் தனியே கணித்து ஒப்பிட வேண்டும்.

ஒப்பமிடுபவருக்கு ஒரு சொல் கேட்கிறேன்: வண்ணக்கர். எங்கள் கோயில்களில் பொறுப்பாளரை அப்படித்தான் அழைக்கிறோம். பழந்தமிழில் வண்ணக்கன் நாணயம் நோட்டம் பார்ப்பவன், சங்கப் புலவர் சிலரின் பெயரிலும் அது நிற்கிறது. பள்ளிவாசல் பக்கம் மரைக்காயர் என்று சொல்வது தெரியும். கோயில் சார்ந்த அர்த்தத்தை விட்டுப் பழைய அர்த்தத்தையே எடுப்போம். நோட்டம் பார்த்த பிறகே ஒப்பமிடுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஒப்பமிடுபவர்’ என்றால் அது விட்டுப்போகிறது.

2025 மேயில் வந்த ஈஐபி 7702 என்ற எதீரிய மேம்பாட்டுக்கும் இடம் வேண்டும். அதன்படி சாவிக்கணக்கே ஒரு நிரலை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பழைய சாவியின் அதிகாரம் குறையாது. சாவி களவுபோனால் நிபந்தனை எதுவும் காக்காது. அதை நிபந்தனைக் கணக்கு என்று எழுதினால் பொய்யாகிவிடும். ‘நிரலேற்ற சாவிக்கணக்கு’ என்று தனிப் பதிவாகப் போடுகிறேன்.

வரைவு:

நிபந்தனைக் கணக்கு: குறித்த ஒரு சங்கிலியில் நிறுவப்பட்ட நிரலால் ஆளப்படும் கணக்கு. நிரலில் எழுதிய நிபந்தனை நிறைவேறினாலன்றிச் செலவு நடவாது. மீட்புச் சொற்கள் ஒப்பமிடும் சாவியை மட்டுமே மீட்கும், ஆகவே கணக்கின் முகவரியையும் சங்கிலியின் பெயரையும் தனியே எழுதி வைக்க வேண்டும்.

கையொப்ப நடப்பெண்: செலவுக்குத் தேவையான ஆகக்குறைந்த ஒப்பங்களின் எண்ணிக்கை. கூட்டம் நடக்கத் தேவையான ஆகக்குறைந்த வருகையைக் குறிக்கும் ‘கூட்டநடப்பெண்’ணை ஒட்டியது.

மீட்புக் காப்பாளரை (சாவி தொலைந்தால் கணக்குக்குப் புதுச் சாவியை நியமிக்க உதவுபவரை) பற்றிய பதிவை நானா எழுதினால் நல்லது. காத்திருப்புக் காலம் முடியுமுன் உரிமையாளர் மறுப்புச் சொல்லலாம் என்பதை மறக்காமல் அதில் சேர்க்க வேண்டும்.