அத்தை கேட்ட கேள்வி: சுவரில் மாட்டிய பாடுபட்ட சுரூபம்

பட்டர்வொர்த் மருமகள்:

வணக்கம். நான் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டுக்காரர் இந்து. கல்யாணமாகி 4 வருஷம், அத்தையோடுதான் இருக்கிறோம். அப்பா போன பிறகு அவர் கட்டில் தலைமாட்டில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தை, அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். மரம், ஒரு முழம் இருக்கும். இடது கையில் இரண்டு விரல் உடைந்திருக்கும். அத்தையைக் கேட்டுத்தான் ஹாலில் மாட்டினேன். 'மாட்டிக்கோம்மா' என்றார். அவர் வித்தியாசம் பார்க்கிறவர் இல்லை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எனக்கு முன்னால் மெழுகுவத்தி வாங்கி வைத்துவிடுவார்.

மூன்று வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டார்: "ஏம்மா, செத்த பிள்ளையை ஆணியோட அப்படியே வச்சுக் கும்பிடுறீங்களே, பெத்தவ பார்த்தா தாங்குவாளா? குழந்தையா இருக்கிற படம் கிடைக்காதா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவருடைய மூத்த மகன் 2009இல் மோட்டார் விபத்தில் போனவர். வீட்டில் அந்த அண்ணன் படம் ஒன்றுதான் இருக்கிறது, பள்ளிச் சீருடையில்.

மறைக்கல்வியில் படித்ததைச் சொன்னேன், 'நம்ம பாவத்துக்காக இறந்தார்' என்று. "யார் பாவத்துக்கு யார் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுக் கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வாயே வரவில்லை. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

செந்தூல் மெதடிஸ்ட்:

சகோதரி, எங்கள் வீட்டில் வெறும் சிலுவைதான். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், இன்னும் ஏன் அதில் தொங்கவேண்டும்? அதை மாட்டிவிட்டால் அத்தைக்கும் சங்கடம் இல்லை. பாவம் பற்றிக் கேட்டால் நான் ஞாயிறு பள்ளியில் சொல்வது இதுதான்: ஆலோங்கிடம் (அடாவடி வட்டிக்காரனிடம்) கடன் வாங்கி மாட்டிக்கொண்டவனுக்காக அண்ணன் வந்து முழுசாகக் கட்டினான். தம்பி இனி பயமில்லாமல் கதவைத் திறக்கலாம். பிள்ளைகளுக்கு டக்கென்று புரியும்.

சுங்கைப்பட்டாணிக்காரன்:

நான் இந்து. கொல்லப்பட்டவரைக் கும்பிடுவது நமக்குப் புதுசா என்ன? மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். எங்கள் தோட்டத்தில் அவருக்குச் சுருட்டு வைத்துத்தான் கும்பிட்டோம். ஆனால் ஒன்று. அவரைக் குதிரைமேல் வாளோடு வைப்போமே தவிர, வெட்டுப்பட்டுக் கிடக்கிற மாதிரி வைக்கமாட்டோம். உங்கள் அத்தை கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பழைய உபதேசியார், பினாங்கு:

சுங்கைப்பட்டாணித் தம்பி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

முதலில் செந்தூல் தம்பிக்கு. கடன் உவமை நானும் பல வருஷம் சொன்னதுதான். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன், 'அப்போ ஆலோங் யாரு உபதேசியார், கடவுளா?' என்றான். அன்றோடு விட்டுவிட்டேன். பிள்ளையை அடித்துத் தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்ட தகப்பனாகக் கடவுளைச் சொன்னால், மகனைப் பறிகொடுத்த தாய் எழுந்துதான் போவாள்.

அத்தையின் கேள்வி மிகப் பழையது. ரோமர்களுக்குச் சிலுவை அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லும் வழி. கொல்வது பாதி, அம்மணமாக்கி வழிப்போக்கர் பார்க்க அவமானப்படுத்துவது பாதி. ஸ்பார்ட்டகஸ் கலகம் அடங்கியதும், கி.மு. 71இல், காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக 6,000 பேரை அறைந்தார்கள். அப்படிச் செத்தவனைக் கடவுள் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. ரோமில் பாலட்டைன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கண்டுபிடித்தார்கள். சிலுவையில் கழுதைத்தலை மனிதன், கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்' என்று கிரேக்கத்தில் கேலி. ஆதிக் கிறிஸ்தவர்களே மீனும் நங்கூரமும் வரைந்தார்கள். பாடுபடும் உருவத்தைப் பொதுவில் வைக்க நூற்றாண்டுகள் ஆயின. ஆக, அத்தைக்கு வந்த கூச்சம் அவர்களுக்கும் இருந்தது.

பிறகு ஏன் வைத்தார்கள்? மரத்தில் தூக்கப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்பது யூதச் சட்டம். பவுல் அதை மறைக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதும்போது, நமக்காக அவர் சாபமே ஆனார் என்கிறார். நம் பேச்சில் சொன்னால் துர்மரணம். விபத்தில் ஒரு பிள்ளை போனால் சாவு வீட்டிலேயே என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன்வினை, நேரம், யாருடைய சாபமோ. அத்தை காதிலும் 2009இல் விழுந்திருக்கும். சிலுவை அந்தப் பேச்சுக்குத்தான் எதிர்ப்பேச்சு என்பது என் விசுவாசம்: கடவுளே துர்மரணம் செத்தார், அதனால் அப்படிச் செத்த எவனையும் கடவுள் கைவிட்டார் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லை. உயிர்ப்பு உண்டு, செந்தூல் தம்பி. ஆனால் உயிர்த்தவர் சீடர் தோமாவுக்குக் காயத்தைத்தான் காட்டினார், தழும்பை மறைக்கவில்லை.

'பெத்தவ தாங்குவாளா' என்றாரே, பெற்றவள் அங்கேதான் நின்றாள். யோவான் அதை எழுதிவைத்தார். செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழா, மறுநாளே வியாகுல மாதா, மகனுக்காகத் துயரப்பட்ட மரியாளின் நாள். இன்னொன்று, மகளே. அத்தை மெழுகுவத்தி ஏற்றும் அன்னம்மாள் மரியாளின் தாய். சுவரில் இருப்பது அந்த அம்மாளின் பேரன். விளக்கம் வேண்டாம், இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அந்த அண்ணனைப் பற்றியும் கேளுங்கள்.

பட்டர்வொர்த் மருமகள்:

நன்றி ஐயா. பேரன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி அப்போ உயிரோட இருந்தாங்களா?" என்றார். பைபிளில் அன்னம்மாள் பெயரே வராது, அதனால் தெரியாது என்றேன். "இல்லாம இருந்திருந்தா நல்லது" என்றார்.

அண்ணன் பெயரை அன்று ராத்திரி அவரே எடுத்தார். அதை இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும்.

சுரூபம் அதே இடத்தில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது அதற்கு முதுகு காட்டி உட்கார்கிறார். பெரிய வெள்ளிக்கு இங்கே விடுமுறை இல்லாததால் 3 மணி வழிபாட்டுக்கு அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன்.

இன்னொரு உதவி. பினாங்குப் பக்கம் பழைய மரச் சுரூபம் சரிசெய்கிறவர் யாராவது தெரியுமா? அந்த இரண்டு விரல். அத்தைதான் விசாரிக்கச் சொன்னார்.