நடபைரவிக்கு இருபது எப்படி வந்தது?

சங்கீதப் புதிர்க் குழு, ஞாயிறு இரவு

புதுக்குடியிருப்பு ரீச்சர், 7:42
எல்லாரும் சாப்பிட்டாச்சா? இன்றைய புதிர். 72 தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையில் நாடகப்ரியா 10, நடபைரவி 20. இரண்டுக்கும் முதல் எழுத்து ந, இரண்டாவது ட. பெயரிலிருந்து எண் எடுக்கிற கடபயாதிப்படி ஒரே எண்தானே வரவேண்டும்? ஏன் வரவில்லை? கூகுள் பார்க்கக் கூடாது.

மாங்குளம் மாமா, 7:45
கடபயாதியா? எனக்கு அது வட இலங்கை சங்கீத சபைச் சோதினையோடு போய்விட்டது ரீச்சர்.

புதுக்குடியிருப்பு ரீச்சர், 7:47
பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் எடுத்துத் திருப்பிப் போடுங்கள் மாமா. க, ட, ப, ய நான்கும் 1, மற்ற எழுத்துகளுக்கும் ஒவ்வொரு எண் உண்டு. மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. 51ஐத் திருப்பினால் 15.

வவுனியா அக்கா, 7:52
ந 0, ட 1. திருப்பினால் 10. நாடகப்ரியா சரி. நடபைரவிக்கும் 10தான் வருகிறது. அச்சுப்பிழையோ?

முள்ளியவளை அண்ணை, 7:53
பிழை இல்லைப் பிள்ளை. 20தான்.

கிளிநொச்சித் தம்பி, 7:55
ஒன்றில் நா நெடில், மற்றதில் ந குறில். அதனாலா?

புதுக்குடியிருப்பு ரீச்சர், 7:56
கெட்டிக்காரன், ஆனால் இல்லை. உயிரெழுத்துக்கு இதில் வேலையே கிடையாது. மேசகல்யாணியில் மே நெடில்தான், அதற்கும் 5. ச 6. அதனால் 65. ஒரு உதவி சொல்கிறேன்: எழுத்தைப் பார்க்காதீர்கள், வாயால் சொல்லிப் பாருங்கள்.

வவுனியா அக்கா, 8:10
பிடித்துவிட்டேன்! அம்மாவின் பழைய கிருதிப் புத்தகத்தில் அந்த ட மேலே பொடியாக ஒரு 2 இருக்கிறது. நமக்கு ஒரே ட. சமஸ்கிருதத்தில் நான்கு, 1 முதல் 4 வரை. நடபைரவியில் வருவது மூச்சு விட்டுச் சொல்கிற இரண்டாவது ட. அதற்கு எண் 2. 02ஐத் திருப்பினால் 20.

மாங்குளம் மாமா, 8:12
அட! அந்தப் பொடி 2ஐ இத்தனை வருஷமும் இரண்டாம் காலம், இரட்டை வேகம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சித் தம்பி, 8:12
😂😂 அதுதான் மாமா அந்த இடம் வந்ததும் ஓடுகிறவர்

புதுக்குடியிருப்பு ரீச்சர், 8:15
சிரிக்காதே தம்பி. த இன்னும் மோசம், 6, 7, 8, 9 நான்கும் நமக்கு ஒரே த. தீரசங்கராபரணத்தைத் தமிழில் மட்டும் பார்த்து எண் எடுத்தால் சாருகேசி 26, சரசாங்கி 27, அரிகாம்போதி 28, எதில் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். அது 9 என்று தெரிந்தால்தான் 29.

முள்ளியவளை அண்ணை, 8:21
சரி, இது என் முறை. மன்னார்த் திருக்கேதீச்சரத்துக்குத் தேவாரப் பதிகம் இரண்டு. இரண்டின் பண்ணும் ‘நட்ட’ என்றுதான் தொடங்கும். யார் எதில் பாடினார்? இன்றைக்கு அவை எந்த ராகம்?

கிளிநொச்சித் தம்பி, 8:24
சம்பந்தர் நட்டபாடை, சுந்தரர் நட்டராகம்

முள்ளியவளை அண்ணை, 8:25
தலைகீழ். சம்பந்தர்தான் நட்டராகம், இப்போது பந்துவராளி. சுந்தரர் நட்டபாடை, அது நாட்டை. கோயில் தீர்த்தமான பாலாவிக் கரையில் நின்று இரண்டையும் ஒருதரம் கேட்டால் ஆயுளுக்கும் மாறாது.

வவுனியா அக்கா, 8:27
பெயரில் ராகம் இருப்பதை நாட்டை என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போய்விட்டது.

மாங்குளம் மாமா, 9:05
கரண்ட் போய் இப்போதுதான் வந்தது. இருட்டில் இருந்து விரலில் எண்ணிப் பார்த்தேன். பந்துவராளி என்றால் காமவர்த்தனிதானே? க 1, ம 5. திருப்பினால் 51. ரீச்சர் முதலில் சொன்ன மாயாமாளவகௌளை 15. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. சரியா?

புதுக்குடியிருப்பு ரீச்சர், 9:07
மாமா!! இத்தனை வருஷம் படிப்பிக்கிறேன், எனக்கு இது தட்டவேயில்லை. வித்தியாசமும் சரியாக 36, அதாவது 72இல் பாதி. அப்படியென்றால் மற்ற ஆறு சுரமும் அதே, மத்திமம் (ம) மட்டும்தான் மாறும், 15இல் கீழ் ம, 51இல் மேல் மவான பிரதி மத்திமம்.

மாங்குளம் மாமா, 9:16
🎤 குரல் பதிவு, 0:38

வவுனியா அக்கா, 9:18
பின்னால் நாய் குரைக்கிறது மாமா. ஆனால் பிரதி மத்திமம் சுத்தம்.

கிளிநொச்சித் தம்பி, 9:18
இரண்டாம் காலம் அனுப்புங்கோ 😂